45 பேர்: ஓர் ஆட்டோ சாரதியின் சீ.ஆர். கொப்பி

கொப்பி இருந்தது ஆட்டோவின் பின் சீட்டுக்குப் பின்னால், சுருட்டி வைத்த மழைப் படங்குக்குள். 80 பக்க சீ.ஆர். கொப்பி, பொலித்தீன் பையில் சுற்றியது. ஒரு நாளைக்கு ஒரு வரி. 'ஹ' என்றால் ஹயர் (வாடகை ஓட்டத்தில் வந்த காசு), 'பெ' பெற்றோல், 'வீ' வீட்டுக்குக் கொடுத்தது. நாலாவதாக 'கு'. மனைவி எப்போதாவது பிரித்துப் பார்த்துக் கேட்டால் "குட்டிச் செலவு" என்று சொல்வதற்குத் தயாராக இருந்தாராம். அவர் கேட்கவே இல்லை. 'கு' என்பது குதிரை.

ஹட்டன் பக்கத்துச் சின்ன நகரம் ஒன்றில் ஆட்டோ ஓட்டும் 36 வயதுக்காரர். லயத்தில் பிறந்து வளர்ந்தவர். மனைவி தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார், இரண்டு பிள்ளைகள். இவர் கதை என்னிடம் வந்தது மரண உதவிச் சங்கத்தின் வழியாக. நான் அந்தச் சங்கத்தின் பொருளாளர். பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன், வைத்தியரோ மனநல ஆலோசகரோ அல்ல. ஐந்து மாதச் சந்தா நிலுவையில் நிற்கும்போது மனைவி வந்து சங்கத்தில் கடன் கேட்டார். எதற்கு என்று கேட்டேன். "லீசிங் கட்டணும் சேர்" என்றார். லீசிங் என்றால் ஆட்டோவை எடுத்த தவணைக் கடன். ஆட்டோ தினமும் ஓடுகிறது, குடும்பத்தில் யாருக்கும் நோயில்லை, பிறகு ஏன் லீசிங் நிற்கிறது? அங்கே தொடங்கியது.

எழுத அவர் சம்மதித்தார். "போட்டுக்குங்க சேர், ஸ்டாண்ட் பேர மட்டும் போட்டுறாதீங்க." அடையாளம் தெரியக்கூடிய சிலதை மாற்றியிருக்கிறேன். எண்களில் கை வைக்கவில்லை.

ஆரம்பம் நுவரெலியாவில். ஏப்ரல் சீசனுக்கு ஒரு குடும்பத்தை ஹயரில் கூட்டிப்போயிருக்கிறார். 1875இல் வெள்ளைக்காரன் காலத்தில் அமைத்த அந்தக் குதிரைப் பந்தய மைதானத்தில் சனம் நெரிந்துகொண்டிருந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு குதிரைமேல் 500 ரூபாய் கட்டினார். ஒன்றுக்கு 14, வென்றால் கட்டிய காசும் திரும்பும். கைக்கு வந்தது 7,500. பிள்ளைகளுக்குக் குளிர்ச்சட்டை, வீட்டுக்கு ஒரு கூடை ஸ்ட்ரோபெரி. அந்தக் குதிரையின் இலக்கம் 4, ஓட்டியவனின் சட்டை மஞ்சள் என்று இன்றும் சொல்கிறார். அதற்குப் பிறகு தோற்ற குதிரைகளில் ஒன்றின் இலக்கத்தையாவது சொல்லுங்கள் என்றேன். சிரித்தார்.

மைதானத்தில் பந்தயம் வருடத்தில் சில நாள்தான். நகரத்துப் புக்கியில், அதாவது பந்தயக் கடையில், தினமும். காலையில் அவுஸ்திரேலியா, மாலையில் இங்கிலாந்து. இங்கிலாந்தின் கோடை நேரம் நமக்கு நாலரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே பகல் ஒன்றரை, இரண்டுக்குத் தொடங்கும் ஓட்டங்கள் இங்கே ஆறு, ஆறரைக்கு வருகின்றன. ஆட்டோக்காரர் கையில் அன்றைய வசூல் முழுதாகச் சேர்ந்திருக்கும் நேரமும் அதுதான். திட்டமிட்டுச் செய்ததல்ல, பூமி சுற்றுகிற விதம் அப்படி. ஆனாலும் இந்தக் கதையில் பாதி அந்த நாலரை மணித்தியாலத்துக்குள் இருக்கிறது.

சரி, கொப்பிக்கு வருவோம். 2025 மே 5 தொடக்கம் ஜூலை 20 வரை, 11 கிழமை, 77 நாள். அதில் 46 நாள் கடைக்குப் போயிருக்கிறார். அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, கீழே கோடு போட்டிருந்தார்: 300 ரூபாய், மூன்று ஓட்டம், ஏழரைக்கு வெளியே.

நான் எதிர்பார்த்தது சட்டத்தை மதிக்காத ஒரு மனிதனை. கணக்குப் போட்டதும் வேறு ஆள் வந்து நின்றார். 46 நாளில் 37 நாள் சட்டத்தை அப்படியே காப்பாற்றியிருக்கிறார். அந்த 37 நாளும் சேர்ந்து போன காசு 2,650 ரூபாய். மீதி ஒன்பது நாளில் போனது 61,400. மொத்த நட்டத்தில் நூற்றுக்கு 95க்கும் மேல் ஒன்பது நாளுக்குள்.

மனைவியிடம் அந்த 61,400ஐச் சொன்னபோது அவர் அழவில்லை. விரலை மடித்து எதையோ எண்ணினார். அப்போது நாட்சம்பளம் 1,350. "45 பேருங்க சேர்" என்றார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் கிலோ நிறுத்துப் போட்ட 45 பேர். ஒன்றரை மாதம் ஒரு நாளும் விடாமல் வேலை செய்தால்தான் அத்தனை பேர்.

அந்த ஒன்பது நாளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அன்று காலையிலிருந்து என்ன நடந்தது என்று கேட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது இதற்கு. நாலு நாள், லீசிங் கம்பனிக்காரர் வந்து பேசிய நாள். ஒரு நாள் மைத்துனரோடு சண்டை. அன்றுதான் அதிகபட்சம், 18,500. ஒரு நாள் அப்பாவின் திவசம், குடித்திருந்தார். இரண்டு நாள், ஆரம்பத்திலேயே நல்ல காசு வென்ற நாள். மீதி ஒரு நாளுக்கு அவரிடமும் காரணமில்லை, என்னிடமும் இல்லை. அதற்கு ஒரு காரணத்தைக் கட்டி ஒட்டவைக்க எனக்கு மனமில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

ஜூன் 25, புதன்கிழமை. மழை. பகல் ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும், மகளின் வகுப்பு ஆசிரியை ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து லீசிங்காரர் ஸ்டாண்டுக்கு வந்தார். ஹேண்டிலில் கை வைத்து, ஆட்டோவைப் போனில் படம் பிடித்து, "மூணு மாசம் கட்டாம எப்பிடி ஓட்டுறீங்க?" என்று கேட்டார். சத்தம்கூடப் போடவில்லையாம், சாதாரணக் குரல்தான். இவர் பதில் சொல்லவில்லை. ஆசிரியையை இறக்கிவிட்டபோது அவர் 200 ரூபாயை நீட்டி, மீதியை வேண்டாம் என்றார். "அந்தம்மா பாவம் பாத்தாங்க சேர். அதத்தான் தாங்க முடியல."

ஐந்தே முக்காலுக்குக் கடையில் இருந்தார். கையில் 4,200. கடை எப்படி இருக்கும் என்று எனக்காக விவரித்தார்: சுவரில் நாலு டிவி, ஒட்டிவைத்த ஓட்டப் பட்டியல், கம்பிக்குப் பின்னால் துண்டு எழுதுகிறவர், காலுக்கடியில் கிழித்துப் போட்ட துண்டுகள் மழைத் தண்ணீரில் ஊறிக் கூழாகிக் கிடக்கும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அவமானப்பட்டவனுக்கு அதைவிட நல்ல இடம் நகரத்தில் கிடையாது என்று எனக்கே தோன்றியது.

முதல் ஓட்டம் 300, போயிற்று. இரண்டாவது 200. அந்தக் குதிரை கடைசி வளைவில் முன்னுக்கு வந்து, முடிவுக் கோட்டில் மூக்களவில் தோற்றது. மூன்றாவது 1,000, நாலாவது 1,000. ஏழரை எப்போது தாண்டியது என்று நினைவில்லை. கடை மூடுவதற்கு முந்திய ஓட்டத்துக்கு மிச்சமிருந்த 1,700ஐயும் கட்டினார், ஒன்றுக்கு 8 கொடுக்கும் ஒரு குதிரைமேல்.

"ஏன் அந்தக் குதிரை?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "குதிரையப் பாக்கல சேர். எட்ட பாத்தேன்."

லீசிங் மாதக்கட்டு 14,800. 1,700ஐ எட்டால் பெருக்கினால் 13,600, கட்டிய காசும் திரும்பி வந்தால் 15,300. ஒரு மாதக்கட்டு அடைந்துவிடும். ஒன்றுக்கு 2 கொடுக்கும் குதிரை வென்றிருந்தாலும் அன்று அவருக்கு அது வெற்றியல்ல. அவர் தேடியது வெல்லக்கூடிய குதிரையை அல்ல; வென்றால் லீசிங்காரர் முகத்தில் காசை வீசப் போதுமான ஒரு எண்ணை. பந்தயப் பட்டியல் அவர் கண்ணில் கடன் பட்டியலாக மாறியிருந்தது.

இதை அவருடைய பலவீனம் என்று மட்டும் எழுதிவிட முடியாது. 1956இலேயே வில்லியம் மெக்லாத்லின் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பந்தயங்களை ஆராய்ந்து இதே மாதிரி ஒன்றைக் காட்டினார்: நாளின் கடைசி ஓட்டத்தில், வெல்லும் வாய்ப்புக் குறைந்த, வென்றால் நிறையக் கொடுக்கும் குதிரைகள்மேல் சனங்கள் அளவுக்கு மீறிக் கட்டுகிறார்கள். தோற்றுப்போனவர்கள் வீட்டுக்குப் போகும் முன் கணக்கை நேராக்கப் பார்க்கிறார்கள். 1990இல் ரிச்சர்ட் தேலரும் எரிக் ஜான்சனும் இதைச் சோதித்து எழுதினார்கள்: விட்டதை முழுதாகப் பிடித்துவிடலாம் என்ற வாய்ப்பு முன்னால் தெரிந்தால், நட்டத்தில் இருப்பவர் வழக்கத்தைவிடத் துணிகிறார். கலிபோர்னியாவின் மைதானமும் எங்கள் நகரத்து மாடிக் கடையும் இந்த இடத்தில் ஒன்றுதான்.

அந்த மூக்களவு விஷயத்துக்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழு 2009இல் சூதாட்ட இயந்திரம் போன்ற ஒன்றை வைத்துப் பார்த்தது. மயிரிழையில் தவறியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இன்னொரு முறை ஆடும் ஆசை கூடியது. மூளையில் வெற்றிக்கு விழிக்கும் பகுதிகளில் சில அந்தத் தவறலுக்கும் விழித்தன. தோல்வி தோல்வியாகப் பதியாமல், 'கிட்ட வந்துட்டோம்' என்று பதிகிறது. 200 ரூபாய் மூக்களவில் போன பிறகுதான் 1,000 வெளியே வந்தது என்பதைக் கொப்பியில் விரல் வைத்துக் காட்டினேன். "அந்தக் குதிர நல்லாத்தான் ஓடிச்சி" என்று அப்போதும் சொன்னார்.

வென்ற நாட்கள் வேறு மாதிரி. மே 17, சனிக்கிழமை, இரண்டாவது ஓட்டத்தில் 5,200 வந்தது. ஹயர் காசு ஆட்டோவின் முன்பெட்டியில், குதிரைக் காசு சட்டைப் பையில். அதுதான் அவர் வழக்கம். முன்பெட்டிக் காசு பெற்றோலுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது, எண்ணி எண்ணித்தான் எடுப்பார். சட்டைப் பைக் காசுக்கு எண்ணிக்கை இல்லை. "அது நம்ம காசு இல்லதானே சேர், அவங்க காசு." அந்த 5,200ம் மூன்று ஓட்டத்தில் போயிற்று. போன மறுநிமிஷமே அது 'நம்ம காசு' ஆகிவிட்டது. அதைப் பிடிக்கக் கீழே இறங்கி முன்பெட்டியைத் திறந்தார். வரும்போது அவன் காசு, போகும்போது என் காசு. தேலரும் ஜான்சனும் இதையும் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். வென்ற காசைச் சொந்தக் காசாக மனம் ஏற்கும் முன்பே அது கைமாறிவிடுகிறது.

அருச்சுனன் தபசில் அருச்சுனன் ஏன் காட்டில் நிற்கிறான் என்று கூத்துப் பார்த்து வளர்ந்த எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். தருமர் ஒரே ஆட்டத்தில் நாட்டை வைக்கவில்லை. முத்து, பொன், தேர், ஆள், பிறகு தம்பிமார் என்று ஏறிக்கொண்டே போனார். இதைச் சொன்னதும் நம்மவர், "தருமருக்கு லீசிங் இல்லையே சேர்" என்றார். நகைச்சுவை குறையவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

கணித வாத்தியார் என்பதால் எனக்குக் கணக்கின்மேல் ஒரு மூடநம்பிக்கை உண்டு: காட்டினால் திருந்துவார்கள் என்று. ஆறு குதிரை ஓட்டம் ஒன்றை எழுதிக் காட்டினேன். ஒன்றுக்கு 2, 3, 4, 5, 8, 10 என்று விலை. எந்தக் குதிரை வென்றாலும் கையில் 100 ரூபாய் வர வேண்டுமென்றால் ஒவ்வொன்றின்மேலும் எவ்வளவு கட்ட வேண்டும்? 33.30, 25, 20, 16.70, 11.10, 9.10. கூட்டினால் 115க்கு மேல். 100 எடுக்க 115 கொடுக்க வேண்டும்; அந்த 15 கடைக்காரருக்கு. ஆட்டோ மீற்றர் கணக்கில் கெட்டிக்காரர், அரை நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். "அப்ப நாள் போகப் போக எல்லாருக்கும் நட்டந்தான்" என்றார். மறுநாளும் போனார். போகாமல் இருப்பார் என்று நான் நினைத்ததுதான் தப்பு. புதன்கிழமை ஐந்தே முக்காலுக்குப் படியேறிய மனிதருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. அந்த நேரம் அவருக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

என் முதல் ஆலோசனையும் தோற்றது, அதையும் பதிந்துவிடுகிறேன். 300ஐ 100 ஆக்கச் சொன்னேன். ஜூலை 21இலிருந்து ஆறு நாள் 100 ரூபாயோடு நிறுத்தினார். நானும் சந்தோஷப்பட்டேன். ஏழாம் நாள் 5,400. அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. சட்டம் 300 என்றாலும் 100 என்றாலும் அதைக் காவல் காப்பவர் ஒரே ஆள். அமைதியாக இருக்கும்போது அந்த ஆள் சட்டம் போடுகிறார். அவமானப்பட்டு நிற்கும்போது அதே ஆள் அதை நிறைவேற்ற வேண்டும். காவல்காரனே கோபத்தில் இருக்கும் வீட்டுக்கு எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டால் என்ன, சாவி அவன் கையில்.

அதைவிட மோசம், அந்த 37 நாளும் அவருக்கு உதவவில்லை, கெடுத்தன. 'நான் நினைச்சா நிப்பாட்டுறவன்' என்பதற்கு அவற்றைச் சாட்சியாக வைத்திருந்தார். சும்மா இருக்கும் நாளில் 300உடன் நிறுத்துவது பெரிய காரியமே அல்ல. பிரேக் பிடிக்கிறதா என்று சமதரையில் பார்த்துவிட்டு இறக்கத்தில் ஆட்டோவை விடுகிற மாதிரி. இதை அவரிடம் இப்படியே சொன்னேன். நான் சொன்னதில் அவர் முகம் மாறியது இந்த ஒன்றுக்குத்தான்.

ஜூலை 28 முதல் செய்தது சின்ன ஏற்பாடு. மனைவியின் அக்கா நகரத்தில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். காலை பத்துக்கும், இரண்டுக்கும், நாலரைக்கும் வசூலை அங்கே கொடுத்துவிட வேண்டும். கையில் 500க்கு மேல் இருக்கக் கூடாது. கொடுத்த காசை மறுநாள் காலை ஏழுக்கு முன் அவர் திருப்பிக் கொடுக்கக் கூடாது, என்ன காரணம் சொன்னாலும். "பிள்ளைக்குக் காய்ச்சல்னா?" என்று நான் கேட்டதற்கு அந்த அம்மா, "நானே கூட வந்து மருந்துக்குக் குடுப்பேன், இவரு கையில குடுக்க மாட்டேன்" என்றார். இத்தனை தெளிவான பதிலை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. கிழமைக்கு ஒரு முறை அந்த அக்காவே லீசிங்குக்கு ஒரு பகுதியைக் கட்டுகிறார். லீசிங்காரர் இனி ஸ்டாண்டுக்கு வராமல் மரக்கறிக் கடைக்குப் பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டோம். அதற்கு அவர்கள் சும்மா ஒத்துக்கொண்டார்கள், முன்னமே கேட்டிருக்கலாம்.

ஸ்டாண்டையும் மாற்றினார், பழையது புக்கிக்கு நேர் எதிரே இருந்ததால். புதிய இடத்தில் நாளைக்கு 300 ரூபாய் வரை ஹயர் குறைகிறது என்று குறைப்படுகிறார். உண்மைதான், குறைகிறது.

கடைகளைப் பற்றி ஒரு விஷயம். இங்கே பந்தயக் கடைகள் 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்படி வரி கட்டுகின்றன. நேரடி ஒளிபரப்பு உள்ள கடைக்கு அதிக வரி, இல்லாத கடைக்குக் குறைந்த வரி. படம் பார்த்துக்கொண்டே கட்டும் இடத்தில் காசு கூடப் புரளும் என்பது சட்டம் எழுதினவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் எனக்கு இப்போது பயம் கடையில் அல்ல, போனில். மாடிக் கடைக்குப் படியேற வேண்டும், யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற வெட்கம் இருக்கும், ஒன்பது மணிக்கு மூடும். போனில் இந்த மூன்றும் இல்லை. ஸ்டாண்டில் இளம் பெடியன்கள் ஐ.பி.எல். காலத்தில் ஓவருக்கு ஓவர் கட்டுகிறார்கள். கொப்பிகூட எழுதுவதில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் சூதாட்டத்தை மதுவும் போதைப்பொருளும் இருக்கும் அதே பிரிவுக்கு மாற்றியது. ஒன்பது அறிகுறிகள், 12 மாதத்துக்குள் நாலு இருந்தால் நோயென்று பார்க்க வேண்டும். விட்டதைப் பிடிக்கத் திரும்பப் போவது, மனம் நொந்தபோது ஆடுவது, மறைப்பது, குறைக்கப் பார்த்துத் தோற்பது, அடுத்தவரிடம் காசுக்கு நிற்பது: இவரிடம் ஐந்தும் உண்டு. அதனால் என்னோடு நிறுத்தாமல் வைத்தியரிடமும் போகச் சொன்னேன். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு ஒரு இரவு அழைத்துப் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 28 தொடக்கம் ஒக்டோபர் 31 வரை ஏழு நாள் போயிருக்கிறார். மொத்தம் 8,900. அதில் 6,000 ஒரே நாளில், தீபாவளிக்கு முதல் நாள். அன்று கோபமும் இல்லை, அவமானமும் இல்லை. ஹயர் அள்ளிய நாள், பிள்ளைகளுக்குத் துணி எடுத்தாயிற்று, மரக்கறிக் கடை ஐந்துக்கே பூட்டியாயிற்று. கையில் காசு, மனதில் சந்தோஷம். கவலைக்கு ஏற்பாடு செய்த நாங்கள் சந்தோஷத்துக்கு ஏற்பாடு செய்ய மறந்துவிட்டோம். மனைவியின் தீபாவளி முற்பணம் மட்டும் தப்பியது. அதை இவரே முந்திய கிழமை மாமியார் வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொல்லியிருந்தார்.

ஒக்டோபர் 29, புதன்கிழமை மாலை ஐந்தரைக்கு லீசிங் கம்பனியிலிருந்து வேறொருவர் போனில் பிடித்துக்கொண்டார். பழைய பாணியில் பேச்சு. இவர் நேரே புக்கிக்குப் போய்ப் படியேறிவிட்டார். சட்டைப் பையில் 380 ரூபாய். இரண்டு ஓட்டம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மூன்றாவதில் 380ஐயும் கட்டினார், ஒன்றுக்கு 12 கொடுக்கும் குதிரைமேல். போயிற்று.

"கையில பதினஞ்சாயிரம் இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"அதையும் கட்டியிருப்பேன் சேர்."

அன்றைய வரியில் ஹ 3,150, பெ 900, வீ 1,870, கு 380 என்று இருக்கிறது. 'கு'வுக்குப் பக்கத்தில் இம்முறை அடைப்புக்குறிக்குள் குதிரை என்று முழுதாக எழுதியிருந்தார். கொப்பி இப்போது ஆட்டோவில் இல்லை, மரக்கறிக் கடைத் தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது.